அரத்தில் ஒட்டியிருந்த அலுமினியம்

என் வீட்டுக்காரரைப் போல ஒரு பயந்தாங்கொள்ளியை நீங்கள் பார்த்திருக்க முடியாது. கல்யாணத்துக்கு முன்னால் எங்கள் வீட்டுக்கு முதல்முறை வந்த அன்றைக்கே, மாடிப்படிக் கைப்பிடியை இரண்டு ஆட்டு ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் ஏறினார். "கைப்பிடியையே நம்பாதவரு உன்னை எப்படிக்கா நம்புவாரு?" என்று என் தங்கை காதைக் கடித்தாள். நான் சிரித்துத் தொலைத்தேன். சிரித்த வாய்க்குப் பதில் இருபத்திரண்டு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

அவர் வெல்டர். வீட்டுக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட பட்டறை. முன்பாதியில் அவர் பற்றவைப்பார், பின்பாதியில் நான் பெயிண்ட் அடிப்பேன். ஜன்னல் சட்டம், ஆஸ்பத்திரித் தள்ளுவண்டி, கைப்பிடிக் கம்பி, கேட்டு என்று எது வந்தாலும் அவர் கை வழியாக வந்து என் கை வழியாக வெளியே போகும். வேலையில் அவரைக் குறை சொல்ல ஆளில்லை. ஆனால் செய்து முடித்த பிறகு அவர் படும் பாட்டைப் பார்க்கச் சகிக்காது.

அது ஓர் ஏணியில் தொடங்கியது. கல்யாணமாகி மூன்றாவது வருஷம், எலக்ட்ரீஷியன் ஒருவர் விரிசல் விட்ட அலுமினிய ஏணியைக் கொண்டுவந்தார். இவர் பற்றவைத்துக் கொடுத்தார். ஐந்தாம் நாள் நாலாவது படி விட்டுவிட்டது. அந்த மனிதர் விழுந்து இடுப்பு உடைந்து, இன்றைக்கும் ஒரு பக்கம் சாய்ந்துதான் நடக்கிறார். "விடுப்பா, என் நேரம்" என்று அவர் பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டார். இவரால்தான் விடமுடியவில்லை. ஒரு மாதம் பட்டறைப் பக்கமே போகாமல் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு எதைச் செய்தாலும் முதலில் தன் உடம்பில் சோதித்துப் பார்த்துவிட்டுத்தான் கொடுப்பார். நாற்காலி என்றால் உட்கார்ந்து குதிப்பார். கைப்பிடி என்றால் தொங்குவார். ஆஸ்பத்திரித் தள்ளுவண்டியில் தானே நீட்டிப் படுத்துக்கொண்டு என்னைத் தெரு முழுக்கத் தள்ளச் சொல்வார். பக்கத்து வீட்டுக்காரி முதல்முறை பார்த்துவிட்டு, 'என்ன ஆச்சு, என்ன ஆச்சு' என்று அழுதுகொண்டே கூட ஓடிவந்தாள். இப்போது அவள் தலையைக்கூடத் தூக்குவதில்லை.

"இரும்பு நல்ல மனுஷன் மாதிரி" என்பார். "உடையறதுக்கு முன்னாடி வளையும், முனகும், சொல்லிட்டுத்தான் போகும். அலுமினியம் கமுக்கமா இருந்துட்டு ஒரே அடியா விட்டுடும்."

"உங்க அக்கா இரும்பு, நான் அலுமினியம். அதானே சொல்ல வர்றீங்க?" என்று ஒருநாள் கேட்டேன். பதில் சொல்லப் பயந்துகொண்டு தண்ணீர் குடிக்கப் போய்விட்டார்.

அவருடைய அக்காவைப் பற்றிச் சொல்லவேண்டும். என் நாத்தனார் குடிநீர் அலுவலகத்தில் மீட்டர் பார்க்கிறவர். வயது ஐம்பத்தொன்று. வீடு வீடாகப் போய் மீட்டர் பெட்டி மூடியைத் திறந்து, எண்ணைப் பெரிய நோட்டில் எழுதிக்கொண்டு, பார்த்தாச்சு என்பதற்கு அடையாளமாக மூடியின் உட்பக்கம் சாக்பீசால் ஒரு கோடு போட்டுவிட்டுப் போவார். இதெல்லாம் சைக்கிளில்தான். மேட்டுத்தெருக்களை முடித்தால் நேரே கீழே நீரேற்று நிலையத்துக்கு இறங்கும் சரிவுச் சாலை. லாரியும் பஸ்ஸும் ஏறி இறங்கும் அந்தச் சாலையில் இவர் பிரேக்கைத் தொடாமல் பறப்பார். நாய்க்குப் பயமில்லை, மேலதிகாரிக்குப் பயமில்லை. "வேலை நேரத்துல போன் எடுக்க மாட்டேன்" என்பது அவருடைய பெருமைகளில் ஒன்று.

அவருக்கும் எனக்கும் இரண்டு வருஷமாகப் பேச்சுவார்த்தை கிடையாது. காரணம் ஒரு கேட்டு. அவர் வீட்டுக்கு நாங்கள் செய்துகொடுத்த கேட்டில் ஒரே ஓர் இடத்தில் பெயிண்ட் வழிந்து காய்ந்திருந்தது. உறவுக்காரர்கள் நாலு பேர் நிற்கும்போது அதில் விரலை வைத்து மேலிருந்து கீழே இழுத்துவிட்டு, "தம்பி வேலை கண்ணாடி. பெயிண்ட்தான் கண்ணீர் விட்டிருக்கு" என்றார். "எப்பவும் ஓடறதையே பார்க்கிற கண்ணுக்கு எல்லாம் ஓடற மாதிரிதான் தெரியும்" என்றேன் நான். அவ்வளவுதான். அன்றிலிருந்து ஒரே அறையில் உட்கார்ந்திருந்தாலும், "தம்பி, உன் வீட்டுக்காரிகிட்ட கொஞ்சம் தண்ணி கேளு" என்பார் அவர். "என்னங்க, தண்ணி மேஜை மேல இருக்குன்னு சொல்லுங்க" என்பேன் நான். நடுவில் இவர் கழுத்தைத் திருப்பித் திருப்பிச் சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம்.

அந்த நாத்தனார் ஒருநாள் பிரேக் சரியில்லை என்று சைக்கிளைக் கொண்டுவந்தார். நீல நிற அலுமினிய சைக்கிள். வெளியூரில் வேலைக்குப் போன மகன் முதல் சம்பளத்தில் வாங்கிக் கொடுத்தது. இவர் குனிந்து பிரேக்கைப் பார்த்தவர், குனிந்தபடியே நின்றுவிட்டார்.

"அக்கா, இறங்கு."

"இறங்கித்தாண்டா நிக்கிறேன்."

"கையை எடுத்துட்டுத் தள்ளிப் போ."

ஹேண்டில் பார் செருகியிருக்கும் முன்குழாயும், அங்கிருந்து பெடலை நோக்கி இறங்கும் கீழ்க்குழாயும் சேரும் இடத்தில், அடிப்பக்கம், தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு. பெயிண்ட் கீறல் என்றுதான் நானும் நினைத்தேன். இவர் முன்சக்கரத்தை முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டு ஹேண்டிலை ஓர் அழுத்து அழுத்தினார். கோடு வாயைத் திறந்து மூடியது.

"புதுசு வாங்கிக்கக்கா. பிரேம்ல இந்த இடம் உடைஞ்சா முன்சக்கரம் தனியாப் போயிடும். முகம் குப்புற விழுவ."

"என் பையன் வாங்கிக் கொடுத்ததுடா. அவன் லீவுல வர்றப்ப இதுலதான் நான் போய் அழைச்சுட்டு வரணும். நீ சரி பண்ணு."

அலுமினியத்துக்குப் பயப்படுவதைவிட அக்காவுக்கு அதிகமாகப் பயப்படுகிறவர் என்ன செய்வார்? சரி என்றார். சொன்ன ராத்திரி சாப்பிடவில்லை.

அந்த வேலையை அவர் செய்ததை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். பெயிண்டைச் சுரண்டி எடுத்தார். விரிசல் பார்க்கும் சிவப்பு மருந்தை அடித்துத் துடைத்து, மேலே வெள்ளை மருந்தை அடித்தார். கண்ணுக்குத் தெரிந்த கோட்டைவிட உண்மையான கோடு ஒரு விரலகலம் கூடுதலாகச் சிவப்பில் ஊறி வந்தது. இரண்டு முனையிலும் சின்னத் துளை போட்டார், விரிசல் அதைத் தாண்டி ஓடக்கூடாது என்று. கோட்டை அகலமாகத் தோண்டினார். துணிப்பையில் சுற்றி வைத்திருக்கும் தனி பிரஷ்ஷை எடுத்துத் தேய்த்தார். அந்த பிரஷ்ஷில் இரும்புத் தூசி பட்டுவிடக்கூடாது என்று அதை வீட்டுப் பீரோவில் என் புடவைகளுக்கு நடுவில் வைத்திருந்தவர் அவர்.

பிறகு பற்றவைத்தார். இரும்பு சூடேறினால் சிவக்கும், ஆளுக்கு முன்னெச்சரிக்கை கொடுக்கும். அலுமினியம் நிறமே மாறாது. பார்த்துக்கொண்டே இருக்கும்போது பொத்தென்று சொட்டிவிடும். கண்ணாடி முகமூடிக்குள் அவர் மூச்சே விடவில்லை என்று நினைக்கிறேன். விரிசல் மேல் மேடாக உலோகத்தை ஏற்றி, இரண்டு பக்கமும் சின்னத் தகடு வைத்து இணைத்தார். முடித்ததும் வெளியே போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டார்.

மூன்று வாரம் அந்த பிரேம் உத்திரத்தில் தொங்கியது. "சூடு பட்ட உலோகம் அசந்து தூங்கி எழுந்திருக்கணும், அப்பத்தான் கொஞ்சமாவது பலம் திரும்பும்" என்றார். பிறகு பத்து நாள், காலையும் மாலையும், பின்னால் மணல் மூட்டையைக் கட்டிக்கொண்டு தானே ஓட்டினார். பள்ளமாகப் பார்த்து விட்டார். சரிவுச் சாலையில் இறங்கி, பாதியில் பிரேக்கை இறுக்கினார். வீட்டு வாசலை விட்டு இறங்கவே இரண்டு பக்கமும் பார்க்கிற மனிதர், கண்ணை இறுக்கிக்கொண்டு, உதடு வெளுத்துப்போய் இறங்குவதை நான் தெருமுனையில் நின்று பார்த்தேன். தினமும் பூதக்கண்ணாடி வைத்து அந்த இடத்தைப் பார்ப்பார். பத்து நாளில் ஆள் பாதியாகிவிட்டார்.

பதினோராம் நாள் என்னிடம் கொடுத்தார். "மேட்டை மட்டும் தொடாத. அப்படியே மேல அடிச்சுடு."

இதை அவர் இன்னும் கொஞ்சம் விளக்கமாகச் சொல்லியிருக்கலாம். என்னிடம் அவர் 'தொடாதே' என்று சொல்லாத பொருள் வீட்டில் எது? ஈரக்கையோடு ஸ்விட்சைத் தொடாதே, ஸ்டூலைத் தொடாதே, கேஸ் குழாயைத் தொடாதே. இருபத்திரண்டு வருஷமாக ஒரே பல்லவி. அதோடு இதையும் சேர்த்துக் காற்றில் விட்டேன்.

சனிக்கிழமை மதியம் அவர் கேஸ் சிலிண்டர் மாற்றப் போயிருந்தார். நான் அந்த மேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். காசுகளைச் சரித்து அடுக்கின மாதிரி வரிவரியாக, நடுவில் தடித்து, ஓரத்தில் பிதுங்கி இருந்தது. இதன் மேல் நீலத்தை அடித்தால் கொசு கடித்து வீங்கின மாதிரிதான் இருக்கும். நாத்தனார் வருவார். அந்த விரலை வைப்பார். மேலிருந்து கீழே இழுப்பார். எனக்கு அந்த விரல் கண்ணுக்குள் வந்து நின்றது. அரைவட்ட அரத்தை எடுத்தேன்.

முக்கால் மணி நேரம் தேய்த்தேன். மேடு போய்க் குழாயோடு குழாயாக வழவழவென்று ஆனது. அதன் மேல் கொஞ்சம் பட்டி, உப்புத்தாள், பிரைமர், பிறகு மூன்று கோட்டு நீலம். முடித்தபோது அதில் என் முகமே தெரிந்தது. என் பெயிண்ட் காய்கிறவரை துணியால் மூடி வைத்திருப்பேன், யாரும் கிட்டே வரக்கூடாது, அது என்னுடைய சட்டம். அவரும் வரவில்லை.

திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கெல்லாம் இவர் ஆஸ்பத்திரிக்குத் தள்ளுவண்டி பார்க்கப் போய்விட்டார். ஏழு மணிக்கு நாத்தனார் வந்தார். துணியை எடுத்தேன். நினைத்த மாதிரியே விரலை வைத்தார். இழுத்தார். திரும்பவும் இழுத்தார். தூது சொல்லத் தம்பி இல்லாததால் பட்டறைச் சுவரைப் பார்த்து, "பெயிண்ட் பரவாயில்ல" என்றார். நானும் அதே சுவரைப் பார்த்து, "சந்தோஷம்" என்றேன். அவர் ஏறிப் போன பிறகு எனக்குக் கால் தரையில் பாவவில்லை. தனியாக நின்று சிரித்துக்கொண்டேன்.

பத்தேகாலுக்கு இவர் தள்ளுவண்டியின் சக்கரப் பட்டையைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தார். அதைத் தேய்க்க அரைவட்ட அரத்தை எடுத்தார். எடுத்தவர் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"இதுல யாரு அலுமினியம் தேய்ச்சது?"

இரும்புத்தூள் அரத்தில் நிற்காது, உதிர்ந்துவிடும். அலுமினியம் பல்லிடுக்கில் சோறு போல அப்பிக்கொள்ளும். அரத்தின் பாதி நீளத்துக்கு வெள்ளை வெளேரென்று அடைத்திருந்தது. சுத்தம் செய்ய மறந்துவிட்டேன்.

"ஏதோ ஜன்னல் சட்டம்..." என்றேன்.

"இந்த வாரம் ஜன்னல் வரல."

அவர் முகம் மாறுவதைப் பார்த்தேன். பேயறைந்த மாதிரி என்பார்களே, அதை அன்றைக்குத்தான் நேரில் பார்த்தேன்.

"எவ்வளவு தேய்ச்ச?"

"மேடு தெரியாத அளவுக்கு."

"முழுசாவா?"

தலையாட்டினேன். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும். அரத்தைக் கீழே வைத்துவிட்டு, மிக மெதுவாகச் சொன்னார்.

"சூடு பட்ட இடத்துல பலம் போயிடும். அதைச் சுத்தி இருக்கிறதும் பழைய அலுமினியம் இல்ல. அதுக்குத்தான் மேல அவ்வளவு சதை வெச்சேன். அது அழகுக்கு இல்லம்மா. அதுதான் தாங்கிட்டு இருந்தது. நான் பத்து நாள் ஓட்டிப் பார்த்தது வேற சைக்கிள். அக்கா இப்ப ஓட்டிட்டு இருக்கிறது வேற."

கடிகாரத்தைப் பார்த்தோம். திங்கட்கிழமை என்றால் நாத்தனாருக்கு மேட்டுத்தெருக்கள். பன்னிரண்டுக்குள் நோட்டைக் கொடுக்கச் சரிவில் இறங்குவார். பிரேக்கைத் தொடாமல் பறந்து, கீழே வளைவில் ஒரேயடியாக இறுக்குவார். அந்த இடத்தில்தான் பஸ் திரும்பும்.

இவர் போன் செய்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடியும், மறுபடியும். வேலை நேரத்தில் எடுக்கமாட்டார்.

"நான் கீழ ஆபீஸ்ல போய்ப் பார்த்துட்டு சரிவுல ஏறி வர்றேன். நீ மேல போ" என்று சொல்லிவிட்டுத் தன் பழைய இரும்பு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடினார். கேட்டைக்கூடச் சாத்தவில்லை. கேட்டைச் சாத்தாமல் அவர் வெளியே போனதை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

நான் ஓடினேன். முதல் தெருவில் முதல் வீட்டு மீட்டர் பெட்டியைத் திறந்தேன். போன மாதக் கோடு மங்கிப்போய், பக்கத்தில் இன்றைய கோடு பளிச்சென்று இருந்தது. போயாகிவிட்டது. தெருக்கடைசி வீட்டிலும் கோடு. இரண்டாம் தெருவுக்கு ஓடினேன். அங்கேயும் முதல் பெட்டியில் கோடு, கடைசிப் பெட்டியில் கோடு. ஜன்னல் வழியாக ஒருவர், "யாரும்மா அது, பெட்டியைத் திறக்கிறது?" என்று அதட்டினார். பதில் சொல்ல மூச்சில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். ஓடும்போது எனக்கு முதலில் வந்த பயம் நாத்தனாருக்கு என்ன ஆகுமோ என்பதில்லை. எனக்கு என்ன ஆகும் என்பதுதான். இரண்டு வருஷமாகப் பேசாத நாத்தனாரின் சைக்கிளை, தொடாதே என்று இவர் சொன்ன இடத்தில், தனியாக உட்கார்ந்து முக்கால் மணி நேரம் அரத்தால் தேய்த்தவள் நான். தேய்த்ததைப் பெயிண்டால் மூடியவளும் நான். பெயிண்ட் அழகாக இருக்கவேண்டும் என்பதற்காகத்தான் என்று சொன்னால் எந்தப் போலீஸ் நம்பும்? அந்த மகன் நம்புவானா? இவர் நம்புவாரா? மூன்றாம் தெருவுக்குள் நுழைந்த பிறகுதான் அவருடைய முகம் நினைவுக்கு வந்தது, அந்தச் சுவரைப் பார்த்து 'பரவாயில்ல' என்றபோது இருந்த முகம். அந்த வரிசையை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

மூன்றாம் தெருவில் படி கழுவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணிடம், "மீட்டர் பார்க்கிறவங்க..." என்றேன்.

"அவங்க போய் அரைமணி ஆச்சே. என்னம்மா, பில்லுல ஏதாவது தப்பா?"

அப்போது சரிவுப் பக்கமிருந்து தடாலென்று ஒரு சத்தம். லாரி கிரீச்சிட்டது. நான் அந்த ஈரப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அந்தப் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "தகரம் இறக்குறாங்க" என்றாள். அவள் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து மறுபடியும் ஓடினேன்.

நாலாம் தெருவில் முதல் பெட்டி, கோடு. ஐந்தாவது, கோடு. எட்டாவது பெட்டியைத் திறந்தேன். புதுக் கோட்டின் சாக்பீஸ் தூள் இன்னும் உதிராமல் இருந்தது. நிமிர்ந்தேன். தெரு முடிந்து சரிவு தொடங்கும் இடத்தில், கடைசி வீட்டுச் சுவரில் நீல சைக்கிள் சாய்ந்திருந்தது. எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நாத்தனார் நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார்.

"அண்ணி!"

இரண்டு வருஷத்துக்குப் பிறகு அந்த வார்த்தை வாயிலிருந்து வந்தது. அவர் பேனா நின்றது. கேட்டுவிட்டது, எனக்குத் தெரியும். ஆனால் திரும்பவில்லை. நோட்டை மூடிப் பையில் போட்டார். சைக்கிளை நிமிர்த்தினார். சரிவைப் பார்த்துத் திருப்பி, காலைத் தூக்கிப் போட்டார்.

எப்படி ஓடினேன் என்று தெரியாது. பின்னால் இருந்த கேரியரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"விடு."

"இறங்குங்க அண்ணி."

"ஆபீசுக்கு நேரமாச்சு. எதுவா இருந்தாலும் என் தம்பிகிட்ட சொல்லு."

"பிரேம் தாங்காது. வெல்டிங் வெச்ச மேட்டை நான் அரத்தால தேய்ச்சுட்டேன்."

"எதுக்கு உளர்ற? அவன் மூட்டை கட்டிப் பத்து நாள் ஓட்டிப் பார்த்திருக்கான். அவன் பயந்தாங்கொள்ளி. அவன் சரின்னா சரி."

"அவரு ஓட்டின பிறகுதான் தேய்ச்சேன். அவருக்கே இப்பத்தான் தெரியும். தொடாதன்னு சொன்னாரு. நான் கேக்கல."

பெடலில் இருந்த கால் இறங்கியது. பிறகு இன்னொரு கால். கீழே குனிந்து, காலையில் இழுத்த அதே விரலை அந்த இடத்தில் வைத்தார்.

"இங்கயா?"

"ஆமா."

"என் மேல உனக்கு அவ்வளவு கோபமா?"

"கோபமில்ல அண்ணி. பயம். மேடா இருந்தா நீங்க விரல் வெச்சு நாலு பேர் முன்னாடி ஏதாவது சொல்லுவீங்கன்னு பயம்."

சொன்ன பிறகு எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. அவர் சரிவைப் பார்த்தார். இருபது வருஷமாக இறங்குகிற சாலை. கீழே ஒரு பஸ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது.

"காலையில பள்ளிக்கூடச் சரிவுல ரெண்டு தடவை இறங்கினேன்" என்றார். குரல் அவருடைய குரலாகவே இல்லை. நாய்க்குப் பயப்படாதவரின் அந்தக் குரலைக் கேட்க எனக்கு இன்னும் பயமாகிவிட்டது. "சரி, நட" என்றார்.

சைக்கிளை நடுவில் விட்டு ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு இறங்கினோம். அதன் மேல் யாரும் உட்காரவில்லை என்றாலும், ஒவ்வொரு குழியிலும் இரண்டு பேரும் தூக்கித்தான் தாண்டினோம்.

பாதிச் சரிவில் இவர் எதிரே வந்தார். இரும்பு சைக்கிளை எங்கேயோ போட்டுவிட்டு, ஒற்றைச் செருப்போடு, சாலையின் நட்டநடுவில் ஓடிவந்துகொண்டிருந்தார். பின்னால் லாரிக்காரர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். எங்களைப் பார்த்ததும் நின்றார். ஓரமாக வந்து தரையில் உட்கார்ந்து, இரண்டு கையையும் தலையில் வைத்துக்கொண்டார். அக்கா கிட்டே போனதும் நிமிர்ந்தார்.

"அக்கா, நான்தான் தேய்ச்சேன்" என்றார்.

நான் நாத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன்.

"அசிங்கமா இருக்கேன்னு நான்தான் அரத்தை எடுத்துத் தேய்ச்சேன். அவ பெயிண்ட் மட்டும்தான் அடிச்சா. அவளுக்கு ஒண்ணும் தெரியாது. அவளை எதுவும் சொல்லாத."

அந்த மனிதருக்குப் பொய் சொல்லவும் பயம். சொல்லும்போது உதடு இழுத்துக்கொண்டு போனது. ஏணியில் விழுந்தவரை இன்னும் தூக்கிச் சுமக்கிறவர், இதையும் தன் தலையில் தானே எடுத்து வைத்துக்கொண்டார். நான் வாயைத் திறந்தேன். சைக்கிளுக்கு மேலாக நாத்தனாரின் கை வந்து என் மணிக்கட்டை அழுத்தியது. வலித்தது.

"சரிடா" என்றார் தம்பியிடம். "எழுந்திரு. இனிமே பார்த்துப் பண்ணு."

பட்டறைக்கு வந்ததும் இவர் என் நீலத்தைச் சுரண்டினார். சிவப்பு மருந்து அடித்து, காத்திருந்து, துடைத்து, வெள்ளையை அடித்தார். மூன்று பேரும் குனிந்து நின்றோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு வெள்ளைக்கு அடியிலிருந்து ஊறி வந்தது, ஒரு விரல்நகம் நீளத்துக்குச் சிவப்புக் கோடு.

"இது எவ்வளவு நாள் தாங்கியிருக்கும்?" என்று நாத்தனார் கேட்டார்.

"தெரியாதுக்கா. ஒரு மாசம் போயிருக்கலாம். இன்னைக்கு அந்த வளைவுலயே போயிருக்கலாம். இது சொல்லாது."

ரம்பத்தை எடுத்தார். அக்காவைப் பார்த்தார். அவர் தலையசைத்தார். இனி யாரும் எடுத்து ஓட்டிவிடாதபடி பிரேமை மூன்று துண்டாக அறுத்தார். அறுக்கும்போது அவர் கண்ணை இறுக்கவில்லை, நாங்கள் இரண்டு பேரும்தான் இறுக்கிக்கொண்டோம். நாத்தனார் சைக்கிள் மணியை மட்டும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு, "பையன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்" என்றார்.

இப்போது அவர் ஓட்டுவது இவருடைய இரும்பு சைக்கிள். அதில் அந்த மணி இருக்கிறது. சரிவு வந்தால் சைக்கிளை விட்டு இறங்கி நடக்கிறார். நான் போன் செய்தால் வேலை நேரமானாலும் முதல் மணியிலேயே எடுத்து, "இன்னைக்கு என்னத்தத் தேய்ச்ச?" என்கிறார்.

இவரிடம் நாங்கள் இரண்டு பேரும் ஒன்றும் சொல்லவில்லை. சரிவுக்கு மேலேயே எல்லாவற்றையும் நான் அக்காவிடம் சொல்லிவிட்டேன் என்பது இன்றுவரை அவருக்குத் தெரியாது. அக்கா வீட்டுக்கு வந்து, "அன்னைக்கு நீ தேய்ச்ச தேய்ப்புல நான் போய்ச் சேர்ந்திருப்பேண்டா" என்று திட்டும்போதெல்லாம் அவர் தலையைக் குனிந்து கேட்டுக்கொள்கிறார். கேட்டுக்கொண்டே, நான் எதையாவது உளறிக் காரியத்தைக் கெடுத்துவிடுவேனோ என்று பயந்து, என்னை ஓரக்கண்ணால் பார்க்கிறார். நான் அக்காவைப் பார்க்கிறேன். அக்கா தண்ணீர் கேட்கிறார், நேராக என்னிடம்.